1972 எம்ஜிபி ஜிடிக்கு எந்த ஆல்டர்னேட்டர் பொருந்தும்?

கேள்வி இதுதான். லெஸ்டரில் இருக்கும் ஒரு தம்பி எட்டு மாதத்துக்கு முன் 1972ஆம் வருட எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இரவில் ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. பகலில் எரிவதில்லை. விளக்குகளைப் போட்டு என்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்து அளந்தால் பேட்டரியில் 13.2 வோல்ட். என்ஜினின் முன்பக்கத்திலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தமும் வருகிறது. ஒரு கடைக்காரர், லூகாஸ் கம்பெனியின் ஆல்டர்னேட்டர் (என்ஜின் பெல்ட்டில் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) மாடல்களான 16ஏசிஆர், 17ஏசிஆர், 18ஏசிஆர் மூன்றில் எது போட்டாலும் பொருந்தும் என்கிறார். இன்னொருவர் 65 ஆம்பியர் ஏ127 வாங்கிவிடு, கவலையே இல்லை என்கிறார். மூன்றாவது ஆள் “இடது கையா, வலது கையா” என்று கேட்டு இவரைக் குழப்பிவிட்டார். எதை வாங்குவது, அண்ணா?

எதையும் வாங்காதீர்கள், இன்னும் ஒரு வாரத்துக்கு. பர்மிங்காமில் பல வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்த பழக்கத்தில் சொல்கிறேன்: ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று வண்டியைக் கொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் உறுமல் ஆல்டர்னேட்டரின் பேரிங் சத்தம் என்பதால் அதை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் மங்கல் வெளிச்சம் பேரிங்கால் வராது. இது வேறு கதை. அதைத் தீர்க்காமல் புது ஆல்டர்னேட்டர் போட்டால் அடுத்த மழை இரவில் அதே விளக்கு மறுபடி எரியும்.

அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயரில் இருக்கிறது. மறுமுனை பழுப்பில் மஞ்சள் கோடு போட்ட மெல்லிய வயர் வழியாக ஆல்டர்னேட்டரின் ‘இண்ட்’ முனைக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடாதபோது, ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஏறக்குறைய பூஜ்யம், விளக்கு எரியும். என்ஜின் ஓடி சார்ஜ் ஏறத் தொடங்கியதும் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ், விளக்கு அணையும். அது மங்கலாக எரிகிறது என்றால் இரண்டு முனைக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) போனதால் வரலாம். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சரியாக 14 வோல்டுக்கு மேல் தந்துகொண்டிருக்க, இக்னிஷன் பக்கம் வரும் பாதையில் ஐம்பது வருடத் துரு உட்கார்ந்து வோல்டேஜைத் தின்னலாம். எம்ஜிபியில் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் மின்சாரம் ஒரே பழுப்பு வயர்க் கூட்டத்திலிருந்துதான் பிரிகிறது. ஹெட்லைட் போட்டதும் அந்தப் பழைய இணைப்புகளில் வோல்டேஜ் விழும். பகலில் சுமை இல்லாததால் விழாது. பகலில் இல்லை, இரவில் மட்டும் என்று நீங்கள் சொன்னதும் என் சந்தேகம் முதலில் வயர் பக்கம்தான் போனது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மல்டிமீட்டரும் மூன்று நான்கு மீட்டர் வயரும் போதும். நீள வயர் எதற்கென்றால் உங்கள் வண்டியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கிறது, அதுவும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளாக. மீட்டரின் வயர் போனட் வரை எட்டாது. (ரப்பர் பம்பர் வந்த 1974 கடைசியில்தான் ஒரே 12 வோல்ட் பேட்டரிக்கு மாறினார்கள். உங்கள் வண்டியில் முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை.) என்ஜினை 2500 சுற்றில் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரை உட்கார வையுங்கள். ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடி எல்லாம் போட்டுவிட்டு முதலில் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த பழுப்பு வயர் முனைக்கும் அதன் உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அப்புறம் அதே பழுப்பு முனையில் ஒரு முள்ளையும் பேட்டரியின் பாசிட்டிவில் மறு முள்ளையும் வையுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. இது கால் வோல்டைத் தாண்டக் கூடாது. நான்காவதாக, நீங்கள் முன்பு செய்த மாதிரி பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே.

முதல் அளவு 14.2, 14.3 என்று வந்து, பேட்டரியில் மட்டும் 13.2 இருந்தால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. பாசிட்டிவ் பக்கம் நஷ்டம் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுவிட்சான சோலினாய்டில் பழுப்பு வயர்கள் சேரும் இடம், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் குட்டிக் கேபிள், இவற்றைக் கழற்றித் தேய்த்துப் போடுங்கள். இந்தக் குட்டிக் கேபிளை யாரும் பார்ப்பதே இல்லை. நெகட்டிவ் பக்கம் நஷ்டம் என்றால் என்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை. எம்ஜிபியின் என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பிப்போக ஒழுங்கான வழியே கிடையாது. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். அப்போது மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போக ஆரம்பிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுடுகிறது என்று ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். லூகாஸ் கம்பெனியை ‘இருட்டின் இளவரசன்’ என்று இந்த ஊரில் கேலி செய்வார்கள். அந்தப் பட்டத்தில் பாதியையாவது துருப்பிடித்த எர்த் இணைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் அளவே 13.3 என்று வந்தால் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி. உறுதிப்படுத்த மீட்டரை ஏசி வோல்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் விளக்கு லேசாக எரிந்தால் டயோடு ஷார்ட், இரவோடிரவாக பேட்டரியைக் காலி செய்துவிடும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பு, ரோட்டாரின் (உள்ளே சுழலும் மின்காந்தம்) வைண்டிங், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் பிரஷ் மூன்றில் ஒன்று.

ஏசிஆர் வகையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பின்மூடிக்குள் வோல்டேஜ் எகிறலைத் தடுக்க ஒரு தனி டயோடு வைத்திருக்கிறார்கள். அது தன் உயிரைக் கொடுத்து, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் காப்பாற்றும். செத்தால் ஷார்ட் ஆகிவிடும், உடனே சார்ஜ் சுத்தமாக நின்றுவிடும். பார்ப்பவர்கள் ஆல்டர்னேட்டரே போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் சார்ஜ் திரும்பி வரும். சில பவுண்டு விலையுள்ள ஒரு உதிரிக்காக முழு ஆல்டர்னேட்டர் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். “எம்ஜிபி 1972” என்று மட்டும் சொல்லி ஆல்டர்னேட்டர் வாங்குவது, “காலுக்கு செருப்பு கொடுங்கள்” என்று கேட்பது மாதிரி. வருடத்தை வைத்து ஓரளவுதான் சொல்ல முடியும். 1962இல் அபிங்டன் தொழிற்சாலையில் எம்ஜிபி செய்ய ஆரம்பித்தபோது அதில் ஆல்டர்னேட்டரே இல்லை. லூகாஸ் சி40 டைனமோ, 22 ஆம்பியர், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது வண்டியின் பாடி பேட்டரியின் பாசிட்டிவோடு இணைந்திருக்கும். 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோதுதான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறி 16ஏசி ஆல்டர்னேட்டர் போட்டார்கள். அதற்கு ரெகுலேட்டர் வெளியே தனிப் பெட்டியாக இருக்கும், 4டிஆர் என்று பெயர். கொஞ்ச காலத்தில் ரெகுலேட்டரை ஆல்டர்னேட்டருக்குள்ளேயே வைத்து 16ஏசிஆர் வந்தது. கடைசியில் உள்ள ‘ஆர்’ அந்த ரெகுலேட்டரைத்தான் சொல்கிறது. பிறகு 17ஏசிஆர், ரப்பர் பம்பர் காலத்தில் 18ஏசிஆர். 16க்கு 34 ஆம்பியர், 17க்கு 36, 18க்கு 43 முதல் 45. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடும் வரை இந்தக் குடும்பம்தான். வி8 என்ஜின் போட்ட ஜிடியின் கதை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆக, உங்கள் வண்டி அபிங்டனை விட்டு வெளியே வந்தபோது அதில் 16ஏசிஆர் இருந்திருக்க வேண்டும். இப்போதும் அதுவே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும்? முன் மூடியின் உலோகத்தில் துணியால் துடைத்துப் பாருங்கள். மாடல், பாக எண், செய்த தேதிக்கான எண் மூன்றும் குத்தியிருக்கும். தேதி வண்டியின் தேதிக்குச் சற்று முன்னால் இருந்தால் ஒரிஜினல். எண்பதுகளில் வந்த தேதி என்றால் யாரோ மாற்றியது. அப்படி மாற்றியவர் பிராக்கெட்டையும் அறுத்து மாற்றியிருக்கலாம். அதனால்தான் அட்டவணையை நம்பாதீர்கள், என்ஜினில் மாட்டியிருப்பதை அளந்து வாங்குங்கள் என்கிறேன்.

என் அனுபவம் ஒன்று. ஒரு வாடிக்கையாளரின் 1970 வண்டிக்கு, அவசரத்தில், வருடத்தை மட்டும் சொல்லி, தபாலில் உதிரிபாகம் அனுப்பும் ஒரு கடையில் ஆர்டர் செய்தேன். பெயர் வேண்டாம். வந்ததும் பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று அழகான 17ஏசிஆர். மாட்டப் போனால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் காது என்ஜின் பிளாக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. இடது கை ஆல்டர்னேட்டர். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் சனிக்கிழமை காலையில் வேல்ஸ் போக வேண்டியவர். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாவது கடைக்காரர் கேட்டதும் இதைத்தான். மூன்று பேரில் விஷயம் தெரிந்தவர் அவர். ஆல்டர்னேட்டருக்கு மூன்று காதுகள் உண்டு. ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக இரண்டு. அதில்தான் ஆல்டர்னேட்டர் கதவு கீல் மாதிரி ஆடும். மூன்றாவது, பெல்ட்டை இறுக்கும் தகட்டில் மாட்டும் காது. புல்லி உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்து, கீல் காதுகளைக் கீழே கொண்டுவந்தால், மூன்றாவது காது இடது பக்கம் இருக்கிறதா வலது பக்கமா என்பதுதான் ‘கை’. ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி பெயர் வைப்பதில்லை. சிலர் புல்லி பக்கமிருந்து பார்த்துச் சொல்வார்கள், சிலர் பின்னாலிருந்து, சிலர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது என்ஜினின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வார்கள். அதனால் “வலது” என்று வார்த்தையில் சொல்லாதீர்கள். உங்கள் ஆல்டர்னேட்டரைப் புல்லி பக்கமிருந்து நேராக ஒரு படம் எடுத்து, இப்படியே வேண்டும் என்று அனுப்புங்கள். வாய்ச் சண்டை மிச்சம்.

படத்தோடு சில அளவுகளும் வேண்டும். முன் கீல் காதின் முகத்திலிருந்து பின் காதின் முகம் வரை எத்தனை மில்லிமீட்டர், போல்ட் ஓட்டையின் விட்டம், இழுவைக் காதில் மரை இருந்தால் அது 5/16 அங்குலமா 8 மி.மீ. மெட்ரிக்கா. இந்தக் கடைசி விஷயத்தில் கவனம். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மரை வேறு. தவறான போல்ட் இரண்டு சுற்று அருமையாக ஏறும், மூன்றாவது சுற்றில் அலுமினிய மரையை உரித்துவிடும்.

பின் காதில் ஒரு சின்ன உலோகக் குழாய் துண்டு செருகியிருக்கும், முன்னும் பின்னும் நகரக்கூடியது. அது சும்மா வைத்ததல்ல. பிராக்கெட்டுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது தானாக நகர்ந்து மூடும். துரு ஏறி அது இறுகிப்போயிருந்தால் போல்ட்டை முறுக்கும்போது காது வளைந்து ஒரு நாள் விரிசல் விடும். விரிந்த காதோடு ‘ரீகண்டிஷன்’ செய்த ஆல்டர்னேட்டர்கள் விற்பனைக்கு வருவதுண்டு, வாங்கும்போது பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். புல்லி நேராக இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரு கோட்டில் வர வேண்டும். நேரான இரும்பு அடிக்கோலை முகத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட் கத்தும், தூள் கொட்டும், புது பேரிங்கும் சீக்கிரம் போகும். டைனமோ வண்டியின் புல்லி அகலமானது. உங்கள் பெல்ட் 10 மி.மீ. அகலம். பழைய புல்லியைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்வதே நல்லது. அது ஏற்கெனவே உங்கள் என்ஜினோடு பழகியது.

பின்பக்கம் சொருகியையும் பாருங்கள். ஆரம்ப கால 16ஏசிஆரில் இரண்டு சொருகிகள் இருக்கும். அதில் பேட்டரி வோல்டேஜை மோப்பம் பிடிக்க ஒரு தனி வயர் வரும். பிற்காலத்தில் ஒரே சொருகியில் மூன்று தகடுகள்: அகலமானவை வெளியே மின்சாரம் தருபவை, சிறியது இண்ட். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. உங்களிடம் முதல் வகை இருந்தால் புது மூன்று தகடு சொருகி ஒன்றை வயரோடு வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். பெரிய வேலை இல்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி பாதியில் நிற்கும்போது அல்ல.

இப்போது ஆம்பியர். எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லக் கூடாது, உங்கள் வண்டியின் கணக்கு சொல்ல வேண்டும். இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் சேர்ந்து 5 ஆம்பியர். 55 வாட் பல்பு இரண்டு என்றால் ஹெட்லைட் 8. முன்பின் சிறு விளக்குகள், மீட்டர் விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம் 3. வைப்பர் 3 அல்லது 4. ஹீட்டர் விசிறி 5 அளவில். ஜிடியின் பின்கண்ணாடி ஹீட்டர் 6 முதல் 8. கூட்டினால் 30ஐத் தாண்டுகிறது. சிக்னலில் பிரேக் மிதித்து நிற்கும்போது பிரேக் விளக்குக்கு இன்னும் 3. 16ஏசிஆர் தரும் 34 ஆம்பியர் என்பது ஆல்டர்னேட்டரே 6000 சுற்று சுற்றும்போது. ஐடிலில் அதில் பாதிகூட வராது. அதனால் மழை இரவில் நகரத்துக்குள் ஊர்ந்தால் பேட்டரிதான் மிச்சத்தைத் தரும். வண்டி புதிதாக இருந்தபோதே அப்படித்தான். மங்கல் விளக்கில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 65 ஆம்பியர் போட்டுவிடலாமே? இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, பெரிய ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்ற பயம். அது சரியல்ல, 65 ஆம்பியர் தர முடியும் என்றால் 65ஐயும் வலிய ஊட்டும் என்று பொருளில்லை, வண்டி கேட்பதைத்தான் தரும். இன்னொன்று, அதனால் எந்த மாற்றமும் வேண்டாம் என்ற அலட்சியம். இதுவும் சரியல்ல. ஒரு மாதம் நிறுத்தி வைத்து பேட்டரி இறங்கிப்போயிருக்கும் நாளில் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தால், பசித்த பேட்டரி கிடைத்ததையெல்லாம் இழுக்கும். அப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் அந்தப் பழைய பழுப்பு வயர், 34 ஆம்பியருக்கு என்று போட்டது, சூடேறும். 65 போடுகிறீர்கள் என்றால் அதோடு சேர்த்து 10 சதுர மி.மீ. வயர் ஒன்றை சோலினாய்டு வரை தனியாக இழுக்க வேண்டும். மேலும் 65 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 910 வாட். பாதிக்கு மேல் கொஞ்சம்தான் திறன் என்று வைத்தால் என்ஜினிலிருந்து இரண்டு குதிரைத் திறனுக்கு மேல் போகும், அதுவும் ஒரே மெல்லிய வி-பெல்ட் வழியாக. கொஞ்சம் தளர்ந்தால் கத்திவிடும்.

ஏ127 மோசமான பொருள் என்று சொல்லவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டின் பாதிக் கார்களில் அதுதான் இருந்தது. உதிரி எங்கும் கிடைக்கும், ஏசிஆரை விட உள்ளமைப்பு நல்லது. ஆனால் பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து எடுத்தால் புல்லி பல வரி பெல்ட்டுக்கானதாக இருக்கலாம், உங்கள் பழைய புல்லியோ அதன் தடித்த தண்டில் ஏறாது. ‘டபிள்யூ’ என்று கூடுதலாக ஒரு முனை இருந்தால் அது டீசல் வண்டிகளின் சுற்றுமானிக்கு, சும்மா விட்டுவிடுங்கள். எம்ஜிபிக்கென்றே புல்லியும் காதும் மாற்றிக் கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கினால் அப்படி வாங்குங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ஆல்டர்னேட்டரை பிராக்கெட் வெட்டி மாட்டுவார்கள். அங்கே அது மலிவு. லெஸ்டரில் உட்கார்ந்துகொண்டு அதைத் தேட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

உங்கள் வண்டிக்கு என் தேர்வு 45 ஆம்பியர் 18ஏசிஆர், உங்கள் படத்தில் இருக்கும் அதே காது அமைப்போடு. போல்ட் மாறாது, புல்லி மாறாது, வயர் நல்ல நிலையில் இருந்தால் அதுவும் போதும். நாளைக்கு ரேடியேட்டருக்கு மின்விசிறி போட்டாலும் தாங்கும். இரண்டு மின்விசிறி, பெரிய ஸ்டீரியோ, கூடுதல் விளக்குகள் என்று திட்டம் இருந்தால் மட்டும் 65ஐப் பற்றிப் பேசலாம்.

பழையதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள், திரும்பி வருவது யாருடைய ஆல்டர்னேட்டரோ. தேதி எண் வண்டியோடு ஒத்துப்போகும் 16ஏசிஆராக உங்களுடையது இருந்தால் கூடுதல் பணத்தைக் கட்டிவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மாற்றினால் அது இன்னொரு இருபது வருடம் ஓடும். நீங்களே செய்வதானால் ரோட்டார் வளையங்களுக்கு நடுவே ஓம் பாருங்கள், 3க்கும் நாலரைக்கும் நடுவே வர வேண்டும். பிரஷ் வெளியே நீட்டியிருப்பது 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். டயோடு தட்டைப் பற்றவைக்கும்போது சூடு அதிகமானால் புது டயோடும் செத்துவிடும். கை பழகாவிட்டால் அதை மட்டும் ஓர் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். உங்கள் என்ஜின் உங்களுக்கு அந்நியமில்லை. நம்மூர் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் உங்கள் 1798 சிசியும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், ஆஸ்டின்-மாரிஸ் வழி வந்த அண்ணன் தம்பி. பர்மிங்காம் கிரேட் கிங் தெருவில் இருந்த அதே லூகாஸ்தான் 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை தொடங்கியது. முதல் தடவை எம்ஜிபியின் போனட்டைத் திறந்தபோது எனக்கு ஏதோ உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது. அதற்காக ஊரிலிருந்து அம்பாசடர் ஆல்டர்னேட்டரை சூட்கேஸில் போட்டு வரச் சொல்லாதீர்கள். மேலே சொன்ன காது, கை, புல்லி எல்லாம் அதற்கும் பொருந்தும்.

மாட்டும்போது: முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். அந்தப் பழுப்பு வயரில் எப்போதும் பேட்டரி இருக்கிறது, ஃப்யூஸ் கிடையாது, ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். பெல்ட்டை இறுக்கக் கட்டையால் நெம்பும்போது முன் மூடியில் மட்டும் நெம்புங்கள், பின்மூடியில் நெம்பினால் உடையும். நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் பெல்ட் 13 மி.மீ. அளவு இறங்கினால் போதும். வீணை நரம்பு மாதிரி முறுக்காதீர்கள், வாட்டர் பம்ப் பேரிங் அதற்கு விலை கொடுக்கும். நூறு மைல் ஓடிய பின் ஒரு தடவை மறுபடி பாருங்கள். என்ஜின் ஓடும்போது “சார்ஜ் ஆகிறதா பார்ப்போம்” என்று பேட்டரி கேபிளைக் கழற்றும் பழைய மெக்கானிக் வித்தையை மட்டும் செய்யவே வேண்டாம். டைனமோ காலத்தில் பிழைத்தது. ஆல்டர்னேட்டரில் டயோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியே போய்விடலாம்.

முந்தைய உரிமையாளர் டாஷ்போர்டில் எல்லாவற்றுக்கும் எல்இடி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். சார்ஜ் விளக்கு 2.2 வாட் சாதாரண பல்பாகத்தான் இருக்க வேண்டும். அதன் வழியாகப் போகும் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான் ரோட்டாரில் முதல் காந்தத்தை எழுப்புகிறது. எல்இடி அவ்வளவு விடாது. ஸ்டார்ட் செய்து நன்றாக முறுக்கிய பிறகுதான் சார்ஜ் தொடங்கும், புது ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள். எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள்.

மாட்டி முடித்ததும் அதே நான்கு அளவுகள், அதே சுமையோடு, 2500 சுற்றில். முதல் அளவு 14க்கும் 14.5க்கும் நடுவே நின்றால் சரி. 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், ரெகுலேட்டர் பழுது, பேட்டரி கொதித்துவிடும்.

இந்த வார இறுதியில் அளந்துவிட்டு நான்கு எண்களையும் எழுதுங்கள். கூடவே புல்லி பக்கமிருந்து ஒரு படம், பின்பக்கச் சொருகி தெரிகிற மாதிரி ஒரு படம், முன் மூடியில் குத்தியிருக்கும் எண். காது எந்தப் பக்கம் என்று நான் பார்த்துச் சொன்ன பிறகு ஆர்டர் போட்டால் போதும்.